செத்துப்போன ரவுட்டரை எழுப்புவது: ஃபார்ம்வேர் மீட்புக்கு முழுமையான வழிகாட்டி

ஃபார்ம்வேர் அப்டேட் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபின் பவர் விளக்கு மட்டும் எரிகிறது. போனில் வைஃபை பெயர் வரவில்லை, பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கம் (192.168.0.1) திறக்கவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இடியும் மழையுமாக இருக்கும் சென்னையில் இது அடிக்கடி நடப்பதுதான். பக்கத்துக் கடையில் காட்டினால் "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் போர்டு போயிருக்காது. போனது ஃப்ளாஷ் சிப்பில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதியிருந்த ஃபார்ம்வேர், அதாவது ரவுட்டரை இயக்கும் மென்பொருள், மட்டுமே. அதைத் திரும்ப எழுதிவிட்டால் அதே ரவுட்டர் இன்னும் சில வருடம் உழைக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். டிபி-லிங்க் 841என் போன்ற பழைய ரவுட்டரில் 4 எம்பி ஃப்ளாஷ் சிப் ஒன்று இருக்கும். அதன் முதல் 128 கேபி, ரவுட்டரை எழுப்பும் சிறு நிரலான பூட்லோடர். பிறகு கெர்னலும் (ஃபார்ம்வேரின் மையப்பகுதி) மீதி ஃபார்ம்வேரும். கடைசி 64 கேபியில், அந்த ஒரு போர்டுக்கென்றே தொழிற்சாலையில் அளந்து எழுதிய வைஃபை கேலிப்ரேஷன் விவரம். சாதாரண அப்டேட் நடுப்பகுதியை மட்டுமே அழித்து எழுதுகிறது. அது பாதியில் நின்றாலும் முதல் 128 கேபி பிழைத்திருக்கும். பவர் போட்டதும் முதலில் ஓடுவது அந்தப் பூட்லோடர்தான். ஃபார்ம்வேரைத் தேடிப்போகும் முன் ஒன்றிரண்டு வினாடி அது வெளியே காது கொடுத்துப் பார்க்கும். மீட்பு வேலை முழுவதும் அந்த ஒன்றிரண்டு வினாடியைப் பிடிப்பதில்தான் இருக்கிறது.

ஃபைபர் இணைப்போடு நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டியாக (ஃபைபர் கேபிள் நேராக வந்து சேரும் பெட்டி) இருந்தால் இதில் இறங்காதீர்கள். அது அவர்களுடைய சொத்து, ஃபார்ம்வேரும் பூட்டப்பட்டிருக்கும், லைனைப் பதிவு செய்த விவரமும் அதற்குள்ளேயே இருக்கும். புகார் கொடுத்து மாற்றி வாங்குவதே சரி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரவுட்டருக்கு மட்டுமே கீழே வருபவை பொருந்தும்.

முதலில் அடாப்டர்

ஃபார்ம்வேரைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ரவுட்டர் எழுந்து, சில வினாடியில் விளக்கெல்லாம் அணைந்து, மறுபடி எழுந்து, இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் பாதிக்குப் பாதி அடாப்டர்தான் காரணம். சென்னை வெயிலில், காற்றோட்டமில்லாத டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் வருடக்கணக்கில் செருகிக் கிடக்கும் அடாப்டரின் உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். மல்ட்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும். ஆனால் வைஃபை ரேடியோ ஆன் ஆகி கரண்ட் இழுக்கும் நொடியில் அது கீழே இறங்கி, ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். லோடு இல்லாமல் அளந்தது கணக்கில் சேராது. அதே வோல்ட்டேஜும், அதே அல்லது கூடுதல் ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. 841என்-க்கு 9 வோல்ட், 0.6 ஆம்பியர். ஆர்ச்சர் வகைகளுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட். ஆம்பியர் கூடினால் ஒன்றும் ஆகாது, வோல்ட்டேஜ் கூடக்கூடாது. பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்பதையும் அடாப்டரின் ஸ்டிக்கரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இடி விழுந்த இரவுக்குப் பிறகு செத்திருந்தால் கதை வேறு. அப்போது வான் போர்ட் (வெளியிலிருந்து இணைய கேபிள் வரும் இடம்) அல்லது லேன் சிப் (வீட்டுக்குள் போகும் கேபிள் போர்ட்டுகளுக்கானது) எரிந்திருக்கும். ஃபார்ம்வேர் ஏற்றி அதைச் சரி செய்ய முடியாது.

இன்னொன்று: அப்டேட் முடிந்தபின் முதல் பூட் வழக்கத்தைவிட நீளும். சில மாடல்களில் 5 நிமிடம்கூட ஆகும். அவசரப்பட்டு அந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதே பல ரவுட்டர்களைக் கொன்றிருக்கிறது. 10 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் பட்டனை 10 வினாடி அழுத்தி விடுங்கள். செட்டிங் மட்டும் குழம்பியிருந்தால் இதோடு சரியாகிவிடும். ரீசெட்டை 30 வினாடி, பவர் எடுத்து 30, பவர் போட்டு 30 என்று அழுத்தச் சொல்லும் பழைய குறிப்பு ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். இன்றைய பல மாடல்களில் பவர் போடும்போது ரீசெட் அழுத்தியிருந்தால் அது நேராக மீட்பு நிலைக்குப் போய் அங்கேயே காத்திருக்கும். ரவுட்டர் இன்னும் மோசமாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு (வான் போர்ட்டுக்கு அல்ல) ஒரு கேபிள். வைஃபையை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி கொடுக்க வேண்டும்: விண்டோஸில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ், ஈதர்நெட், ப்ராப்பர்ட்டீஸ், ஐபி வெர்ஷன் 4. ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் உங்களுக்கு 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. பிறகு ரவுட்டரின் முகவரிக்கு நிற்காத பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஒன்றைப் போட்டுவிட்டு ரவுட்டருக்குப் பவர் கொடுங்கள்.

பதில் வந்தால் அந்த வரியின் கடைசியில் இருக்கும் டிடிஎல் (TTL) எண்ணைப் பாருங்கள். 64 என்றால் லினக்ஸ் கெர்னல் வரை எழுந்துவிட்டது, வெப் பக்கமோ செட்டிங்கோதான் கெட்டிருக்கிறது. பிராட்காம் சிப் உள்ள ரவுட்டரில் 100 என்று வந்தால் பேசுவது சிஎஃப்இ என்ற பூட்லோடர். பவர் போட்டதும் நாலைந்து முறை 100 என்று வந்து பிறகு நின்றுவிடுகிறதா? நல்ல செய்தி. பூட்லோடர் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் உள்ள ஃபார்ம்வேர்தான் இல்லை. டிபி-லிங்க்கில் உள்ள யு-பூட் என்ற பூட்லோடர் பெரும்பாலும் இப்படிப் பிங்குக்குப் பதில் சொல்லாது. அதனால் பதில் வராததை வைத்து மட்டும் செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

சரியான ஃபைல்

ரவுட்டரைத் திருப்பி அடியிலுள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் வெர்ஷன் எண் முக்கியம். ஒரே பெயரில் வெளியே ஒரே மாதிரி இருக்கும் பெட்டிக்குள் வெர்ஷனுக்கு வெர்ஷன் வேறு வேறு பிராசஸர் இருக்கும். 841என்-னில் ஒரு வெர்ஷன் ஏதெரோஸ், இன்னொன்று மீடியாடெக். ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் போட்டால் எழவே எழாது. எந்த நாட்டுக்கான ஃபைல் என்பதையும் பார்க்க வேண்டும்.

இறக்கியது ஜிப் என்றால் பிரித்து, உள்ளே இருக்கும் .bin ஃபைலை எடுங்கள். நிறுவனமோ, ஃபார்ம்வேரைத் தயாரிக்கும் திட்டமோ எஸ்எச்ஏ256 எண் (ஃபைலின் கைரேகை போன்ற ஹாஷ்) கொடுத்திருந்தால் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கும்போது (ரவுட்டர் செத்திருக்கிறதே, வேறு வழியில்லை) பாதியில் அறுந்த ஃபைல் முழு ஃபைல் மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான இலவச மாற்று ஃபார்ம்வேர்) போடுபவர்கள் ஃபேக்டரி ஃபைலையும் சிஸ்அப்கிரேட் ஃபைலையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. பூட்லோடர் வழியாக ஏற்றுவதற்கு ஃபேக்டரி. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சிஸ்அப்கிரேட். டிபி-லிங்க்கின் பழைய ஒரிஜினல் ஃபைல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஃபைல் பெயரிலேயே பூட் (boot) என்ற சொல் இருந்தால், அதன் முன்பகுதியில் பூட்லோடரும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓப்பன்டபிள்யூஆர்டியிலிருந்தோ சீரியல் வழியாகவோ (அது பின்னால் வருகிறது) அதை அப்படியே எழுதினால் எல்லாம் 128 கேபி தள்ளி விழுந்து ரவுட்டர் எழாது. முதல் 512 பைட் தலைப்பையும் 1,31,072 பைட் பூட்லோடரையும் வெட்ட வேண்டும். லினக்ஸின் டிடி (dd) கட்டளையில் 512 பைட் பிளாக்காக வைத்து, 257 பிளாக்கைத் தாண்டச் சொன்னால் கணக்கு சரியாக வரும்.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வாசல்

டி-லிங்க்கின் பல மாடல்களில் மிக எளிது. ரீசெட்டை அழுத்தியபடி பவர் போட்டு, பவர் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கும் வரை பிடித்திருங்கள். கம்ப்யூட்டருக்கு 192.168.0.10 என்று ஐபி கொடுத்து பிரவுசரில் 192.168.0.1 திறந்தால், ஃபைலைக் கேட்கும் சின்ன வெள்ளைப் பக்கம் ஒன்று வரும். அசூஸிலும் இதே போலத்தான்: பவர் விளக்கு மெதுவாகச் சிமிட்டினால் அது மீட்பு நிலை. அவர்களுடைய ஃபார்ம்வேர் ரெஸ்டோரேஷன் மென்பொருளால் ஃபைலை அனுப்பலாம். நெட்கியருக்கு என்எம்ஆர்பிஃப்ளாஷ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கட்டளையைக் கொடுத்துவிட்டு ரவுட்டரைப் போட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டால். லிங்க்ஸிஸின் சில மாடல்களில் இரண்டு ஃபார்ம்வேர் பிரதி இருக்கும், மூன்று முறை பூட் தோற்றால் அதுவே பழைய பிரதிக்குத் தாவிவிடும். ஒவ்வொரு முறையும் பவர் போட்டுச் சில வினாடி விட்டு அணைத்தால் போதும்.

சென்னை வீடுகளில் அதிகம் இருப்பது டிபி-லிங்க். அதிகம் பேர் தடுக்கி விழுவதும் அங்கேதான். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

டிபி-லிங்க்கும் டிஎஃப்டிபியும்

டிஎஃப்டிபி என்பது நெட்வொர்க் வழியாக ஃபைலை அனுப்பும் எளிய முறை. இங்கே நாம் ஃபைலைத் தள்ளுவதில்லை. ரவுட்டர்தான் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். நம் கம்ப்யூட்டர் சர்வராக உட்கார்ந்திருக்க வேண்டும். 841என் வெர்ஷன் 8 முதலான ஏதெரோஸ் வகைகளும், ஆர்ச்சர் சி7-உம் 192.168.0.66 என்ற முகவரியில் சர்வரைத் தேடும். மீடியாடெக் சிப் உள்ள பல மாடல்கள் 192.168.0.225-இல் தேடும். எது என்று தெரியாவிட்டால் முதலில் 66, வராவிட்டால் 225.

1. கம்ப்யூட்டருக்கு அந்த ஐபி, மாஸ்க் 255.255.255.0. வைஃபை அணைத்திருக்கட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை உருவாக்கிய நெட்வொர்க் அடாப்டர்களையும் டிசேபிள் செய்யுங்கள். இல்லையென்றால் சர்வர் தவறான கதவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

2. டிஎஃப்டிபிடி64 மென்பொருளைத் திறந்து, ஃபார்ம்வேர் இருக்கும் ஃபோல்டரையும் மேலே சொன்ன ஐபியையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் அணையுங்கள். இன்டர்நெட் இல்லாத கேபிளை விண்டோஸ் பப்ளிக் நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, ரவுட்டரின் கேள்வி வரும் யுடிபி 69-ஆம் போர்ட்டை அடைத்துவிடும்.

3. ரவுட்டர் அணைந்திருக்கட்டும். ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி பவர் போடுங்கள். 841என் போன்றவற்றில் பூட்டு வடிவ விளக்கோ டபிள்யூபிஎஸ் விளக்கோ எரியும்வரை, சுமார் 8 முதல் 10 வினாடி பிடித்திருந்து விடுங்கள்.

4. இப்போது கண் ரவுட்டரில் வேண்டாம், சர்வரின் லாக் பக்கத்தில் இருக்கட்டும். ரவுட்டர் கேட்கும் ஃபைலின் பெயர் அங்கே ஒரு வரியாக விழும். அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்று அடுத்த வரியில் சிவப்பாக வந்தாலும் கவலையில்லை. ஒரு புள்ளி, ஒரு அடிக்கோடு, சிறிய எழுத்து பெரிய எழுத்து மாறாமல், அது கேட்ட அதே பெயரை நம் ஃபைலுக்கு வையுங்கள். இந்தப் பெயரை இன்டர்நெட்டில் தேடி ஊகிக்கத் தேவையே இல்லை, ரவுட்டரே சொல்லிவிடுகிறது.

5. மறுபடி 3-ஐச் செய்யுங்கள். ஃபைல் சில வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். அதை ஃப்ளாஷில் எழுத 2, 3 நிமிடம் ஆகும். எழுதி முடித்து ரவுட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகும்வரை எதையும் தொடாதீர்கள். இந்த 3 நிமிடத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ரவுட்டர் மினி யுபிஎஸ் இருந்தால் இந்த வேலைக்கு அதை மாட்டுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைப்பதால் ஃபைல் பெயரின் கடைசியில் .bin என்று இரண்டு முறை விழுந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி வைத்துவிட்டுப் பெயர் மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் லாக்கில் ஒரு வரிகூட விழவில்லையா? முக்கால்வாசிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ரவுட்டர் பவர் போட்டதும் அதன் லேன் போர்ட் ஒரு கணம் அணைந்து எரியும். உடனே விண்டோஸ் கேபிள் பிடுங்கப்பட்டது என்று நினைத்து, மறுபடி லிங்க் பிடிக்க 3, 4 வினாடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் பூட்லோடர் கேட்டுப் பார்த்துவிட்டு, யாருமில்லை என்று போய்விடும். தீர்வு ரொம்பச் சின்னது. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் சாதாரண 5 போர்ட் சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். ரவுட்டர் பக்கம் லிங்க் விழுந்தாலும் கம்ப்யூட்டர் பக்கம் விழாது, சர்வர் எப்போதும் தயாராக இருக்கும். சுவிட்ச் இல்லையென்றால் வீட்டில் கிடக்கும் பழைய ரவுட்டரின் இரண்டு லேன் போர்ட்டுகளும் அதே வேலையைச் செய்யும். அதன் டிஎச்சிபியை (ஐபி முகவரியைத் தானாகக் கொடுக்கும் வசதி) மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள்.

ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கெனவே ஓடிய ரவுட்டரில் செட்டிங் தவறால் உள்ளே போக முடியவில்லை என்றால் டிஎஃப்டிபி வரை போகத் தேவையில்லை. பூட் ஆகும்போது விளக்கு வேகமாகச் சிமிட்டும் அந்தச் சில வினாடியில் ஏதாவது பட்டனை அழுத்தினால் ஃபெயில்சேஃப் நிலை வரும். 192.168.1.1-க்கு எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகக் கட்டளை கொடுக்கும் முறை) செய்து ஃபர்ஸ்ட்பூட் (firstboot) கட்டளை கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் செட்டிங் எல்லாம் அழிந்து புதிதாக எழும்.

பெட்டியைத் திறக்க வேண்டி வந்தால்

டிஎஃப்டிபியும் கைகொடுக்கவில்லை என்றால் அடுத்தது சீரியல் கன்சோல், அதாவது போர்டிலுள்ள பின்கள் வழியாக ரவுட்டரோடு நேராகப் பேசுவது. சிபி2102 அல்லது சிஎச்340 சிப் உள்ள யுஎஸ்பி டிடிஎல் கன்வெர்ட்டர் (கம்ப்யூட்டரின் யுஎஸ்பியை அந்தப் பின்களோடு இணைப்பது; பிங்கில் வந்த டிடிஎல் வேறு) ஒன்று, மூன்று ஜம்பர் வயர், நாலு பின் உள்ள ஹெடர் பட்டை. எல்லாம் சேர்த்து ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் முடியும். அண்ணா சாலையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வாங்கும்போது கன்வெர்ட்டரில் 3.3 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் மாற்றும் ஜம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் பின்கள் 3.3 வோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் பிராசஸரின் அந்தப் பின் எரிந்துவிடும்.

போர்டில் நாலு ஓட்டை வரிசையாக இருக்கும், பல சமயம் பின் வைக்காமல் வெறும் ஓட்டையாக. மல்ட்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, பவர் சாக்கெட்டின் வெளிப்பக்கத்தோடு பீப் அடிப்பது கிரவுண்ட். பவர் போட்டதும் அசையாமல் 3.3 காட்டுவது விசிசி (பவர்), அதைத் தொடவே வேண்டாம். பூட் ஆகும்போது 3.3-க்குக் கீழே துடித்துத் துடித்து மாறுவது டிஎக்ஸ் (அனுப்பும் பின்). மிச்சம் ஆர்எக்ஸ் (பெறும் பின்). ரவுட்டரின் டிஎக்ஸ் கன்வெர்ட்டரின் ஆர்எக்ஸுக்கும், ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கும் குறுக்காகப் போக வேண்டும். கிரவுண்டோடு கிரவுண்ட்.

பட்டி (PuTTY) மென்பொருளில் வேகம் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. கடைசியானதை மறந்தால் எழுத்து வரும், ஆனால் நீங்கள் தட்டுவது உள்ளே போகாது. எழுத்துக்குப் பதில் கிறுக்கலாக வந்தால் வேகம் தவறு, பழைய ராலிங்க், மீடியாடெக் போர்டுகளுக்கு 57600 போட்டுப் பாருங்கள்.

இப்போது ரவுட்டரே தன் நோயைச் சொல்லும். "பேட் மேஜிக் நம்பர்" என்றால் ஃபார்ம்வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஃபார்ம்வேரே இல்லை. "பேட் டேட்டா சிஆர்சி" என்றால் இருக்கிறது, ஆனால் பாதி எழுதியது. கெர்னல் எழுந்து ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை என்று பேனிக் ஆனால் பின்பாதி கெட்டது. இந்த மூன்றிலும் பூட்லோடர் நலம். ஒரு எழுத்துமே வரவில்லை, வயரும் சரி, பவரும் சரி என்றால் மட்டுமே பூட்லோடர் போயிருக்கிறது.

ஆட்டோபூட் எண்ணிக்கை ஓடும்போது ஏதாவது ஒரு கீயைத் தட்டி நிறுத்துங்கள். பழைய டிபி-லிங்க்கில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் tpl என்று வேகமாகத் தட்ட வேண்டும். ராலிங்க், மீடியாடெக் போர்டுகளில் பெரும்பாலும் 4. உள்ளே போனதும் நேராக ஃப்ளாஷை அழிக்கும் கட்டளைக்குப் போகாதீர்கள். முகவரியில் ஒரு பூஜ்யம் தவறினால் பூட்லோடரே அழிந்துவிடும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் உங்கள் மாடலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் இருந்தால், அதை டிஎஃப்டிபிபூட் கட்டளையால் ராமில் மட்டும் ஏற்றி பூட்எம் கட்டளையால் ஓட விடுங்கள். ஃப்ளாஷில் ஒரு பைட்கூட எழுதப்படாது. அது எழுந்ததும் வெப் பக்கத்திலிருந்து சிஸ்அப்கிரேட் ஃபைலை ஏற்றுங்கள். எங்கே எழுத வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

பூட்லோடரும் போயிருந்தால்

மிஞ்சியது சிஎச்341ஏ ப்ரோகிராமரும் (ஃப்ளாஷ் சிப்பை நேராகப் படித்து எழுதும் கருவி) 8 கால் சிப்பைக் கவ்வும் கிளிப்பும். சிப்பின் மேலுள்ள எண்ணிலேயே அளவு இருக்கிறது: 25கியூ32 என்றால் 4 எம்பி, 64 என்றால் 8, 128 என்றால் 16. சிப் 1.8 வோல்ட் வகையா என்று அதன் முழு எண்ணை வைத்துப் பாருங்கள். அப்படியென்றால் தனி அடாப்டர் இல்லாமல் தொடக்கூடாது. மலிவான கறுப்பு நிற சிஎச்341ஏ சிலவற்றில் டேட்டா கால்களிலேயே 5 வோல்ட் வருகிறது. சிப்பை வைப்பதற்கு முன் மீட்டரால் அளந்துவிடுங்கள்.

ரவுட்டரின் பவர் எடுத்திருக்க வேண்டும். முதல் வேலை படிப்பது. ஃப்ளாஷ்ராம் மென்பொருளால் முழு சிப்பையும் இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலின் ஹாஷும் ஒன்றா என்று பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை, அல்லது ப்ரோகிராமர் கொடுக்கும் கரண்டை மொத்த போர்டும் குடிக்கிறது. கிளிப்பைக் கழற்றி மாட்டுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால் ஹாட் ஏர் வைத்திருக்கும் ஒரு கடையில் சிப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒத்துவந்த பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அதே மாடல், அதே வெர்ஷன் இன்னொரு ரவுட்டரிலிருந்து எடுத்த முழுப் பிரதியை அப்படியே எழுதச் சொல்பவர்கள் உண்டு. எழுதினால் ரவுட்டர் எழும், ஆனால் அந்த ரவுட்டரின் மேக் முகவரியும் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி எண்) கேலிப்ரேஷனும் உங்களுடையதில் வந்து உட்காரும். அடுத்த அறைக்கே வைஃபை எட்டாமல் போவது இதனால்தான். எழுதுவதற்கு முன் ஹெக்ஸ் எடிட்டரில், உங்கள் சிப்பிலிருந்து படித்த கேலிப்ரேஷன் பகுதியை (ஏதெரோஸில் கடைசி 64 கேபி, மீடியாடெக்கில் ஃபேக்டரி என்று பெயரிட்ட பகுதி) புதிய ஃபைலின் அதே இடத்தில் ஒட்டுங்கள். பழைய டிபி-லிங்க்கில் மேக் முகவரி பூட்லோடர் பகுதியின் கடைசியில் இருக்கும், அதையும் ஸ்டிக்கரைப் பார்த்துத் திருத்துங்கள். நாண்ட் என்ற வேறு வகை ஃப்ளாஷ் உள்ள புதிய ரவுட்டர்களில் இந்த வெட்டி ஒட்டும் வேலை நடக்காது. ஒவ்வொரு சிப்பிலும் கெட்ட பிளாக் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

எழுந்த பிறகு வான் கேபிளை மாட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் காட்டும் மேக் முகவரி ஸ்டிக்கரோடு ஒத்துப்போகிறதா? 2.4-உம் 5 கிகாஹெர்ட்ஸும் இரண்டும் போனில் வருகின்றனவா? பக்கத்து அறையில் சிக்னல் முன்பு இருந்த அளவுக்கு இருக்கிறதா? மேக் மாறியிருந்தால், அதை வைத்து லைனைப் பதிவு செய்திருக்கும் இணைய நிறுவனங்களில் நெட் வராது. அப்போது அவர்களுக்குப் போன் செய்து புது மேக்கைப் பதியச் சொல்லலாம், அல்லது ரவுட்டரின் மேக் குளோன் பக்கத்தில் ஸ்டிக்கரில் உள்ள பழைய எண்ணைப் போடலாம்.